இல்லை என்று சொல்லத் தெரியாத தெரு

அன்புள்ள வாண்டு,

இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அப்பாவின் வலது தோள்பட்டையை மட்டும் அந்த நலத்தில் சேர்த்துக்கொள்ளாதே. அதை உனக்குச் சொல்லக் கூடாது என்பது எனக்கு இடப்பட்ட உத்தரவு, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், போனில் நீ "நல்லா இருக்கேம்மா, வேற சொல்லு" என்று அடுத்ததற்குத் தாவுகிற வேகம்தான் கொஞ்சம் இடிக்கிறது. இதையெல்லாம் போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா என் பின்னால் நின்றுகொண்டு எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று கண்ணாலேயே தணிக்கை செய்கிறார், பாதியில் போனைப் பிடுங்கி அங்கே மழையா என்று கேட்கிறார். எனக்கு ஒரு விஷயத்தை யாரும் குறுக்கிடாமல் கடைசிவரை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லி முடித்ததும் ஒரு உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது. நீ அனுப்பிய புகைப்படம் வந்தது. தலைக்கவசமும் சேறு அப்பிய பூட்ஸுமாக ஒரு பெரிய குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறாய். அப்பா அதை வெல்டிங் பட்டறையில் எல்லோருக்கும் காட்டி, "என் பொண்ணு, அங்க சுரங்கத்துல தண்ணி இறைக்கிற செக்‌ஷனே அவ கையிலதான் இருக்கு" என்று தன் பங்குக்கு உனக்குப் பதவி உயர்வும் கொடுத்துவிட்டார். இளநிலைப் பொறியாளர் என்று நான் திருத்தியதை அவர் ஏற்கவில்லை.

நீ போன பிறகு இங்கே நம் ஊர்ச் சுரங்கத்தை இன்னும் ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். குழிக்குள் ஊறுகிற தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் இயந்திரங்கள் இறங்க முடியும் என்பது எனக்கு நீ சொல்லித்தான் தெரியும், அந்தப் பம்புகள் இப்போது பகலென்றும் இரவென்றும் இல்லாமல் ஓடுகின்றன. குழியில் இறைக்க இறைக்க எங்கள் கிணறுகள் இறங்கின. முதலில் வாளிக் கயிற்றை நீட்டினோம், பிறகு இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டோம், கடைசியில் வாளியில் மணல்தான் ஏறி வந்தது. நம் வீட்டுக் கிணறு மட்டுமில்லை, தெரு முழுக்க இதே கதைதான். சுரங்கத்தின் வாசலில், பட்டறையை ஒட்டி, தொழிலாளர்களுக்காக ஒரு இரும்புத் தொட்டியும் குழாயும் இருக்கிறது. அப்பா வேலை முடிந்து வரும்போது அங்கே இரண்டு கேன் பிடித்து சைக்கிளில் கட்டிக் கொண்டுவருகிறார். ஏற்றத்தில் சைக்கிளை மிதிக்க முடியாது, இறங்கித் தள்ளியாக வேண்டும், தோள்பட்டை போனது அப்படித்தான். மருத்துவர் பாரம் தூக்காதீர்கள் என்றார். இவர் "சரிங்க டாக்டர்" என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு வரும் வழியில் கேனைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் தூக்குகிறேன் என்றால், படித்த பொம்பளை கேன் தூக்கிக்கொண்டு போனால் பட்டறையில் சிரிப்பார்கள் என்கிறார். படிக்காத பொம்பளை தூக்கினால் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டேன். இப்போது கல்லூரியிலிருந்து திரும்பும்போது நானும் ஒரு சின்ன கேன் கொண்டுவருகிறேன், பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் புதிய சுரங்கக் கொள்கை வந்தது. தாதுவுக்காகச் சுரங்கம் அரசுக்குக் கட்டுகிற ராயல்டியில் ஒரு பங்கைச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே செலவிட வேண்டும், அதிலும் குடிநீருக்குத்தான் முதலிடம் என்கிறது. நான் அதை முழுக்கப் படித்தேன், பொருளாதாரம் கற்பிப்பவளுக்கு இது ஒரு தண்டனை. உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நல்ல எழுத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் கூடும் என்பது உனக்குத் தெரியும். ஊருக்கென்று முன்பு வந்த சுரங்க நிதியில் என்ன செய்தார்கள் என்று பார்த்தவள் நான். ஊர் முகப்பில் ஒரு வளைவு கட்டினார்கள். கடைத்தெருவில் நான்கு பக்கமும் முகம் வைத்த ஒரு கடிகாரக் கோபுரம் எழுப்பினார்கள், நான்கும் நான்கு நேரம் காட்டுகிறது. அப்பா மட்டும் அதற்காகப் பரிந்து பேசுகிறார், "ஏதாவது ஒண்ணாவது சரியா இருக்கும்ல" என்று. சுரங்க அலுவலகத்தின் முன்னால் ஒரு நீரூற்று, அது மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. சுரங்கம் வந்ததால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நீ படித்தது அப்பாவின் பட்டறைச் சம்பளத்தில், பேக்கரிக்காரர் இரண்டாவது அடுப்பு போட்டது லாரிக்காரர்களை நம்பி. ஆனால் என் வகுப்பில் பையன்கள் பாதியில் எழுந்து போய் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வந்து வகுப்பு வாசலில் கூச்சத்தோடு நிற்கிறார்கள். திரும்பச் சேர்த்துக்கொள்ள விதியில் இடமில்லை என்று அவர்களிடம் சொல்கிற வேலை என்னுடையது. சரி, அதை விடு. இந்தக் கொள்கையில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, யார் பாதிக்கப்பட்டவர் என்று யார் முடிவு செய்வது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து முடிவு செய்வார்கள் என்று போட்டிருந்தது. நம் தெரு எப்படியும் வந்துவிடும் என்று இந்த விஷயத்தில் மட்டும் நான் சந்தேகமே படவில்லை.

கணக்கெடுக்க வந்த அன்று நான் கல்லூரியில் இருந்தேன். நல்ல வெயில், வந்தவர்கள் இரண்டு இளைஞர்கள், நடந்தே வந்திருக்கிறார்கள். முதல் வீடு டெய்லர் அக்கா வீடு. தம்பிகளா, முதலில் உட்காருங்கள் என்று மின்விசிறியைத் திருப்பிவிட்டு, ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்திருக்கிறார். அவர்கள் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்கள். குடித்த சொம்பு இன்னும் கையில் இருக்கிறது, அந்த நேரத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வது. "அதெல்லாம் இருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்தவா" என்றிருக்கிறார் அக்கா. பேக்கரிக்காரர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டிரைவர் அண்ணன் வீட்டில் அன்றைக்கு ஒரு சொட்டும் இல்லை, அண்ணி பின்வாசல் வழியாக ஓடி அக்காவிடம் ஒரு சொம்பு கடன் வாங்கி வந்து கொடுத்தார்கள், கொடுத்துவிட்டு இருக்கிறது என்றார்கள். நம் வீட்டுக்கு வந்தபோது அப்பா ஷிப்ட் முடிந்து அப்போதுதான் கேனை இறக்கி வைத்திருக்கிறார். மற்றவர்களாவது குடிக்கத்தான் கொடுத்தார்கள். இவர் அந்தப் பையன்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, "முகம் கை கால் கழுவிட்டு உக்காருங்க தம்பி, கூச்சப்படாதீங்க, தாராளமா இருக்கு" என்று ஒரு கேனையே திறந்துவிட்டுவிட்டார். டீயும் போட்டிருக்கிறார். நான் வந்தபோது வாசற்படி ஈரமாக இருந்தது. யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "ரொம்ப நல்ல பசங்க" என்றார்.

சில வாரங்களில் அலுவலகத்துப் பலகையில் முடிவு ஒட்டினார்கள். நம் தெருவுக்கு நேராக, தண்ணீர் போதுமான அளவில் உள்ளது. பக்கத்துத் தெருவில் யாரும் கதவைத் திறக்கவில்லை போலிருக்கிறது, அவர்களுக்குப் பற்றாக்குறை என்று போட்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்ததில்லை. நான் சத்தம் போடவில்லை, சத்தம் போடாமல் இருந்ததுதான் அப்பாவைப் பயமுறுத்தியது. "வெயில்ல வந்து நிக்கறவன்கிட்ட தண்ணி இல்லன்னு எந்த வாயால சொல்றது, நீயே சொல்லு" என்று கேட்டார். மறுநாள் மாலை தெருவே டெய்லர் அக்கா வீட்டில் கூடியது. யாரால் கெட்டது என்று ஆளுக்கு ஆள் விரலை நீட்டினார்கள். பேக்கரிக்காரர், "நாங்கல்லாம் தொண்டைக்குத்தான் குடுத்தோம், வெல்டர்தான் பாத்ரூமையே திறந்துவிட்டாரு" என்றார். டெய்லர் அக்கா, "நீங்க ஐஸ் தண்ணி குடுத்தீங்களே, ஐஸ் தண்ணி குடுக்கறவன் வீட்ல தண்ணி இல்லன்னு எவன் நம்புவான்" என்றார். கடன் வாங்கிக் கொடுத்த அண்ணி சிரிக்க ஆரம்பித்தார்கள், பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போய் கேனை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரம் அது.

நான் விண்ணப்பம் எழுதினேன், மறு கணக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை யாரும் ஒரு டம்ளர்கூட எடுக்கக் கூடாது என்று தெருவில் முடிவாயிற்று. அதற்கு ஒத்திகை வேறு. டெய்லர் அக்கா தலைமையில், பேக்கரிக்காரர் கணக்கெடுப்பவராக நடிக்க, ஒவ்வொருவரும் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லிப் பழக வேண்டும். "சிரிக்காதீங்க அண்ணி, இல்லன்னு சொல்லிட்டு சிரிச்சா இருக்குன்னு அர்த்தம்" என்று அக்கா திருத்தினார். அப்பா தோற்றுப்போனார். அவர் இல்லை என்றார், ஆனால் சொன்ன கையோடு பேக்கரிக்காரருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். மறு கணக்கெடுப்பு அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். வந்தது ஒரே ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், பெரிய பை, முகம் சிவந்து உதடு காய்ந்துபோயிருந்தது. டெய்லர் அக்கா இல்லை என்றார், மிக நன்றாகவே சொன்னாராம். அந்தப் பெண் பரவாயில்லை என்று எழுதிக்கொண்டு எழுந்தபோது தடுமாறிக் கதவைப் பிடித்திருக்கிறாள். அவ்வளவுதான், ஒத்திகையெல்லாம் போயிற்று. "இரும்மா, இல்லன்னா உனக்குமா இல்ல" என்று அக்கா உள்ளே ஓடினார். அதற்குப் பிறகு எந்த வீட்டில் அந்த முடிவு நிற்கும், எல்லோரும் கொடுத்தார்கள். நம் வீட்டில் நான்தான் கொடுத்தேன், வேறு எப்படியும் என்னால் நடந்துகொள்ள முடிந்திருக்காது. அவள் கொஞ்சம் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தாள். பிறகு, "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க, எல்லா வீட்லயும் தண்ணி ஒரே மாதிரி துரு வாடை அடிக்குதே, கிணத்துத் தண்ணின்னா வீட்டுக்கு வீடு மாறும்ல" என்றாள். நான் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கிணற்று மூடியை எடுத்தேன். அவளே ஒரு கல்லை எடுத்துப் போட்டாள். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. அதன் பிறகு திரும்பவும் முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள், இந்த முறை தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கவில்லை, இது எங்கேயிருந்து வந்தது, யார் தூக்கி வந்தது என்று கேட்டாள். அப்பாவின் தோளைத் தொட்டுப் பார்க்கவும் செய்தாள், அவர் வெட்கத்தில் அடுப்படிக்குப் போய்விட்டார்.

இப்படி நம் தெரு பட்டியலுக்குள் வந்தது. நானும் அதோடு முடிந்தது என்று நினைத்தேன், என் சந்தேகமெல்லாம் எங்கே போயிருந்ததோ. சென்ற வாரம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. உங்களுக்குத் தண்ணீர் தருவதாக முடிவாகிவிட்டது, ஆனால் எங்கேயிருந்து தருவது என்றார் கனிமத் துறை அதிகாரி. ஆறு வெகு தொலைவில், குழாய் போட்டு முடிக்க ஆண்டுகள் ஆகும், லாரி விட்டால் நிதி சீக்கிரம் தீர்ந்துவிடும். உனக்குத் தெரியும், நான் வகுப்புக்கு வெளியே எழுந்து நின்று பேசுகிறவள் இல்லை. அன்று எழுந்தேன், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் உங்கள் குழியில் ஊறி, பம்பில் ஏறி, ஓடையில் வீணாகப் போகிறது, அதையே சுத்தம் செய்து திருப்பித் தரலாமே என்று கேட்டேன். குழித் தண்ணீர் விதிப்படி வெளியேற்ற வேண்டிய கழிவு, அதை யாருக்கும் வழங்க முடியாது என்றார் சுரங்க மேலாளர். அப்படியானால் உங்கள் அலுவலகத்து நீரூற்றில் ஓடுவது எது என்று கேட்டேன். "அது குடிக்கறதுக்கு இல்ல மேடம், பார்க்கறதுக்கு" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு, அவரும் சிரித்துவிட்டார். ஆனால் அந்த அதிகாரி சிரிக்கவில்லை. வேறு எங்காவது ஒரு சுரங்கத்தில் குழித் தண்ணீரைச் சுத்தம் செய்து மக்களுக்குக் கொடுத்து, அது பல காலம் சரியாக நடந்திருந்தால் விவரத்தோடு காட்டுங்கள், அடுத்த கூட்டத்தில் விதியில் விலக்குக் கேட்டு மேலே எழுதுகிறேன் என்றார். அது மனதிலிருந்து வந்த பேச்சா, என்னை உட்கார வைக்கவா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான், கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கிறது.

உன்னிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு அங்கேயே தோன்றியது. வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். "குழந்தைய இதுல இழுக்காத. அவ கம்பெனி விஷயத்த வெளிய சொன்னான்னு நாளைக்கு அவ வேலைக்கே பிரச்சினை வரும், கேன நான் தூக்கிட்டுப் போறேன், எனக்கென்ன" என்றார். வெகு நாட்களுக்குப் பிறகு எங்களுக்குள் சண்டை வந்தது. அவருக்கும் சங்கடம் இல்லாமல் இல்லை. பட்டறையை இப்போது ஒப்பந்தத்தில் விட்டிருக்கிறார்கள், ஆண்டுக்கு ஒருமுறை வேலையைப் புதுப்பிக்க வேண்டும். கூட்டம் நடந்த மறுநாள் மேற்பார்வையாளர் இவரைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டம்மா ரொம்பப் பேசுகிறார்களாமே என்றாராம். "வீட்லயும் அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். அது பொய், வீட்டில் நான் பேசுவதே குறைவு. ஆனால் எனக்காகச் சொன்ன பொய் என்பதால் விட்டுவிட்டேன். நீ சென்ற முறை போனில், எல்லாவற்றையும் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று சொன்னாய். யோசித்தேன், கண்ணு. நாங்கள் வந்துவிட்டால் இந்த வீட்டுக்கு வேறு யாராவது குடிவருவார்கள், தண்ணீர் இல்லாத வீடு என்பதால் குறைந்த வாடகைக்கு வருகிறவர்கள். அவர்கள் வீட்டில் கேன் தூக்குவதற்கு ஒரு சின்னப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். அதைவிட எனக்கு இங்கே இன்னும் கொஞ்சம் வாதாடிப் பார்க்கத் தோன்றுகிறது. இது பிடிவாதமா என்று நீ கேட்டால், இருக்கலாம்.

அதனால் கேட்கிறேன். அங்கே இறைக்கிற தண்ணீரை நீங்கள் என்ன செய்கிறீர்கள், எங்கே தேக்கித் தெளிய வைக்கிறீர்கள், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யார் சோதிக்கிறார்கள், வேலிக்கு வெளியே யாருக்காவது அது போகிறதா. உன் நிறுவனம் வெளியே வெளியிட்ட விவரமாக இருந்தால் அதை மட்டும் அனுப்பு. மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு, அவர் சரி என்றால் அனுப்பு. வேண்டாம் என்று உனக்குப் பட்டால் வேண்டாம் என்று ஒரு வரி எழுது, நான் வருத்தப்பட மாட்டேன், வேறு யாரையாவது தேடுவேன். ஒருவேளை அங்கேயும் யாருக்கும் கொடுக்காமல் ஓடையில்தான் விடுகிறீர்கள் என்றால், அதையும் என்னிடம் மறைக்காமல் எழுது. அதைக் கூட்டத்தில் காட்ட முடியாது, ஆனால் நீ வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரு இருக்கும், அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். உன்னைக் குற்றம் சொல்ல இல்லை. நீ அந்த வேலையில் சேர்ந்த அன்று நான்தான் அப்பாவைவிட அதிகம் சந்தோஷப்பட்டேன், காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இதை எழுதும்போது அப்பா கதவுப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போவதை நான் கவனிக்காதது போலவே இருந்தேன். இப்போது திரும்பவும் வந்து, "எழுதறதுதான் எழுதற, ஒழுங்கா கேளு. தெளிய வைக்கற தொட்டி சிமெண்டா, இரும்புத் தகடா, தகடுன்னா எத்தன கனம், உள்பக்கம் என்ன பூசறாங்கன்னு கேளு. தகடுன்னா வெல்டிங் நான் பாத்துக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு நான் எழுதினேனா என்று எட்டியும் பார்த்தார். ஆக, இது இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்பது.

நீ நலமாகவும் தைரியமாகவும், உன் மனதுக்குச் சரியென்று படுவதைச் செய்கிறவளாகவும் இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். பம்பு அறைக்குள் போகும்போது காதடைப்பான் போட்டுக்கொள், காது போனால் திரும்ப வராது. வேலை முடிந்ததும் ஈர பூட்ஸோடு உட்காராதே. அடுத்த கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதனால் அவசரமாக எதையும் எழுதிவிடாதே, சரிபார்த்து எழுது. அதுவரை அப்பா கொண்டுவருவார், நானும் கொண்டுவருவேன்.

மிகுந்த அன்புடன்,
உன் அம்மா